நூலக முற்றத்தில் ஒரு பட்டாளத்தார்: சிலை அமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாராபுரம் வட்டத்தில் அமராவதித் தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டு ஊர் அது. 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார். அந்த வீட்டுப் பெரியவர் மதராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்து ஊர் திரும்பியவர். வந்த பணத்தில் காடு வாங்கிப் பண்ணையம் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு 1 ஏக்கர் 20 சென்ட் எழுதிவைத்தார். 12 சென்டில் நூலகம் கட்டி அதைக் குடும்ப அறக்கட்டளை பேருக்கு மாற்றினார். ஜூன் மாதம் பிறந்தால் யார் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் நிற்கிறது என்று அவரே விசாரித்துக் கட்டிவிடுவார். ரசீதில் தன் பெயர் வரக்கூடாது என்பார்.

அவர் இறந்த மறு வருடம் ஊர் நோம்பித் திருவிழாக் கூட்டத்தில் சிலை வைப்பது என்று ஊர் முடிவு செய்தது. குடும்பத்தார் இருவர், அறக்கட்டளையிலிருந்து மூவர், ஊரார் நால்வர் என ஒன்பது பேர் கொண்ட குழு அமைந்தது. அந்த முடிவிலிருந்து, சிலை ஒரு மழைக்காலத்தைத் தாண்டியது வரையிலான 22 மாதங்கள் இங்கே பதிவாகின்றன.

இடம்: பிரிவிலிருந்து நூலகத்துக்கு

ஊரார் முதலில் கேட்டது மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு வழி பிரியும் இடமான 'பிரிவு'. போகிற வருகிறவர் கண்ணில் படும் என்பது காரணம். குழுவும் அந்த இடத்தை அளந்து, பீடத்துக்கு வரைபடம்கூடப் போட்டுவிட்டது. தாலுகா அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் அது நடக்காது என்று தெரிந்தது. சாலை, நடைபாதை, சாலையோரம், பிற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 18.1.2013 அன்று உத்தரவிட்டிருக்கிறது. பிரிவில் இருந்த இடம் நெடுஞ்சாலைக்கு உரியது. மனுப் போட்டிருந்தாலும் திரும்பித்தான் வந்திருக்கும்.

பள்ளிக்கூட வளாகம் அடுத்து வந்தது. அவர் கொடுத்த நிலம்தான், ஆனால் கொடுத்த அன்றே அது அரசு நிலமாகிவிட்டது. கடைசியில் நூலக முற்றம் முடிவானது. பட்டா அறக்கட்டளை பேரில் இருந்தது, சுற்றுச்சுவரும் கேட்டும் இருந்தன. பட்டா நிலம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று குழுவில் இருவர் வாதிட்டார்கள். குழு அதை ஏற்கவில்லை. ஊராட்சித் தீர்மானம், கிராம நிர்வாக அலுவலர் தந்த வரைபடம், காவல் நிலையத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பராமரிப்பு முழுக்க அறக்கட்டளையின் பொறுப்பு என்ற உறுதிமொழி ஆகியவற்றைச் சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தது. ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் களிமண் வேலையைத் தொடங்கியிருக்கலாம் என்று பிறகு பேசப்பட்டது. தொடங்காததே நல்லதாகப் போயிற்று. அது ஏன் என்பது பின்னால் வரும்.

முகம் கிழக்குப் பார்க்க வைப்பது என்று முடிவானது. வழக்கமும் அதுதான், நடைமுறைக் காரணமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இந்தப் பக்கம் மேற்கிலிருந்து மண்ணை அள்ளி வீசும். மேற்குப் பார்த்த சிலையின் கண்குழியிலும் மூக்கடியிலும் புழுதி படிந்து கிடக்கும். வடக்குப் பார்த்தால் வருடத்தில் பெரும்பகுதி முகம் நிழலில் இருக்கும். கிழக்கில் காலை வெயில் முகத்தில் சாய்வாக விழுந்து கன்னமும் நெற்றியும் தெளிவாகத் தெரியும். முற்றத்து வேப்பமரத்திலிருந்து 14 அடி தள்ளி இடம் குறித்தார்கள். காக்கை எச்சம் வெண்கலத்தை அரிக்கும்.

எந்த வயது, என்ன உடை

குடும்பம் பட்டாள உடை கேட்டது. ஊருக்குத் தெரிந்ததோ வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மூக்குக்கண்ணாடி போட்ட எழுபது வயதுக்காரர். முதிய முகத்துக்குப் பட்டாள உடை போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவர் அந்த வயதில் அந்த உடையை உடுத்தியதே இல்லை என்பதால் குழு மறுத்தது. மார்பளவுச் சிலை பட்டாள வயதில், பீடத்தின் முன்பக்கம் 2 அடிக்கு 1½ அடி கல் புடைப்புச் சிற்பத்தில் வேட்டி கட்டிய பெரியவர் பிள்ளைகளோடு என்று சமரசம் ஆனது. ஊர் அவரை நினைப்பது பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டியதற்காக. அதனால் வேட்டி உருவமே மேலே இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் வெண்கலத்தில் மூக்குக்கண்ணாடி ஒரு தொல்லை என்பதும் உண்மை. தனியாகச் செய்து பொருத்தினால் ஒரே வருடத்தில் எவனாவது பிடுங்கிவிடுவான்.

ஆவணங்கள்

கல்வெட்டுக்கு ஊரார் எழுதிக் கொடுத்த வாசகம் 'மூன்று போர் கண்ட கேப்டன்'. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது பணி விவரம் எழுதித் தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சேர்ந்தது 1962 சீனப் போர் முடிந்த பிறகு. ஆகவே போர் இரண்டு, 1965-ம் 1971-ம். பதவி ஹவில்தார். ஓய்வுக்குப் பிறகு ஹானரரி நாயிப் சுபேதார் என்ற கௌரவப் பதவி கிடைத்திருக்கிறது. 'ஹானரரி' என்ற சொல் ஊர் வாயில் 'கேப்டன்' ஆகிவிட்டது. ஹானரரி கேப்டன் என்பது வேறு, அது பணியில் இருக்கும்போதே ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரி நிலைக்கு வந்தவர்களுக்குத் தருவது.

பிறந்த தேதி ஜாதகத்தில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒன்று. கல்வெட்டில் வருடம் மட்டும் போடுவது என்று தீர்ந்தது. சாதிப் பெயர் வேண்டாம் என்பதில் குடும்பமே உறுதியாக நின்றது. கல்வெட்டின் தலைப்பில் நாற்சிங்க முத்திரை வேண்டும் என்று ஒருவர் கேட்டார். தேசிய முத்திரையைத் தனியார் அனுமதியின்றிப் பயன்படுத்த 2005-ம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அது நீக்கப்பட்டது.

களிமண்ணில் கண்ட பிழை

வார்ப்பு வேலை கும்பகோணம் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. 5 அடிப் பீடத்தின் மேல் திறந்தவெளியில் ஆளளவுத் தலை சிறுத்துத் தெரியும். ஆகவே ஒன்றேகால் மடங்கு, மொத்த உயரம் 32 அங்குலம். வெண்கலம் ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு சுருங்கும் என்பதால் களிமண் உரு 32¾ அங்குலத்துக்குப் பிடிக்கப்பட்டது.

சிற்பிக்குக் கொடுத்தது ஒரே ஒரு பட்டாளப் படம். சட்டத்துக்குள் இருந்த பழைய பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. நெகட்டிவ் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஸ்டுடியோவில் அதை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பெரிதாக்கித் தந்தார்கள். பக்கவாட்டு முகத்துக்கு ஆதாரம் இல்லாததால் ஒரு கல்யாணக் குழுப் படமும், தம்பியின் முகத்தைப் பக்கவாட்டில் எடுத்த படங்களும் உதவின.

மூன்றாவது வாரம் குழு களிமண் உருவைப் பார்க்கப் போனது. எல்லாருக்கும் திருப்தி. மகள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, "அப்பா மாதிரித்தானுங்க இருக்குது, ஆனா எங்கப்பா இல்லீங்க" என்றார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சிற்பி மூக்கில் கொஞ்சம், தாடையில் கொஞ்சம் திருத்தினார். எதுவும் சரிப்படவில்லை.

ஊர் திரும்பியதும் அலைபேசியில் எடுத்த படங்களைப் பக்கத்து ஊர் முன்னாள் படைவீரர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "பதக்கம் ஏனுங்க வலது மாருல இருக்குது?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். பெரே தொப்பியின் சின்னம் இடக் கண்ணுக்கு மேல் இருக்க வேண்டும், இங்கே வலக் கண்ணுக்கு மேல். தொப்பித் துணி வலப்பக்கம் சரிந்து விழ வேண்டும், இங்கே இடப்பக்கம். சட்டையின் பொத்தான் மடிப்பு பெண்கள் சட்டைபோல மாறி இருக்கிறது. நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். படம் முழுக்க இடவலம் மாறிவிட்டது.

மகளின் உறுத்தலுக்கும் அதுதான் காரணம். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரியவருக்கு இடப் புருவம் சற்று உயர்ந்தது, வாயின் வலக்கோடி கொஞ்சம் இறங்கியது. தினமும் பார்த்தவர் கண்ணுக்கு அது பெயர் தெரியாத குறையாகப் பட்டிருக்கிறது. முகத்தையும் உடையையும் திருப்பிப் பிடிக்க 9 நாள் ஆனது, களிமண் அதே களிமண். களிமண் உருவுக்கு ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகு உரு பிடித்து, அந்த மெழுகு இருந்த இடத்தில்தான் வெண்கலம் ஊற்றுவார்கள். இந்தப் பிழை மெழுகு நிலையில் தெரிந்திருந்தால் ரப்பர் அச்சு வீண். வார்த்த பிறகு தெரிந்திருந்தால் உலோகத்தை உருக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில், ஆவணம் எதுவும் பார்க்காமல் வேலை தொடங்கியிருந்தால் இந்தப் படமே வெண்கலம் ஆகியிருக்கும்.

பதக்கப் பட்டைகளின் வரிசையையும் அந்தப் படைவீரரே சரிபார்த்தார். ஐந்து பட்டைகள். மார்பின் நடுப்பக்கத்திலிருந்து வெளியே பஷ்சிமி ஸ்டார், ரக்‌ஷா பதக்கம், சங்கிராம் பதக்கம், சுதந்திர 25-ம் ஆண்டுப் பதக்கம், 9 ஆண்டு நெடும்பணிப் பதக்கம். வெண்கலத்தில் நிறம் தெரியாது, ஒவ்வொரு பட்டையின் கோடுகள்தான் அடையாளம். அதனால் கோடுகளின் அகலம் மாறாமல் செதுக்கச் சொன்னார்கள். சட்டைக் கையில் ஹவில்தாரின் மூன்று பட்டைகள் பாதியோடு வெட்டுப்படும்படி உருவின் விளிம்பு இருந்தது. மூன்றும் முழுதாகத் தெரிய விளிம்பை 2 அங்குலம் கீழே இறக்கினார்கள். தொப்பிச் சின்னத்தின் யானைக்கு மட்டும் தனியாக ஒரு சின்னத்தை இரவல் வாங்கி அனுப்பினார்கள். அந்த யானை 1803 அஸ்ஸாயே போரின் நினைவாக வந்தது. வேறு படைப்பிரிவின் சின்னத்தை இணையத்தில் எடுத்து ஒட்டிய சிலைகளும் நாட்டில் உண்டு.

வார்ப்பு

ஊரில் வீட்டுக்கு வீடு பழைய பித்தளைச் சொம்பு, அண்டா, குத்துவிளக்குத் தட்டு என்று கொண்டுவந்து குவித்தார்கள். மொத்தம் 46 கிலோ. தங்கள் பாத்திரமும் சிலைக்குள் இருக்க வேண்டும் என்ற ஆசை. பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். பழைய பாத்திரத்தில் என்ன கலவை என்று தெரியாது, ஒட்டுவாயில் ஈயமும் கைப்பிடியில் இரும்பு ஆணியும் இருக்கும். பித்தளையில் துத்தநாகம் அதிகம். அது 907 டிகிரியிலேயே கொதித்துப் புகையும். வெண்கலம் ஊற்றும் சூடு 1,100 டிகிரிக்குக் குறையாது. உலோகத்துக்குள் காற்றுக்குமிழ் விழுந்து ஓட்டையாகும். குழு பாத்திரங்களை எடைக்குப் போட்டுப் பணத்தை வரவில் சேர்த்தது. கொடுத்தவர் பெயரும் எடையும் நோட்டில் ஏறின. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பாத்திரத்தைத் திருப்பி எடுத்துப் போனார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த மனத்தாங்கல் வந்திருக்காது.

கலவை 85 பங்கு செம்பு, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலா 5 பங்கு. ரப்பர் அச்சிலிருந்து எடுத்த மெழுகு உருவின் சுவர் 5 மில்லிமீட்டர் கனம், எடை 7.4 கிலோ. மெழுகைவிட வெண்கலம் ஏறக்குறைய 9 மடங்கு கனம் என்பதால் சிலை 67 கிலோ அளவில் வரும் என்று கணக்கு. உலோகம் அச்சுக்குள் இறங்கும் ஓடுவழிகளுக்கும் சேர்த்து 95 கிலோ உருக்கினார்கள். இந்தப் பெருக்கலைத் தெரிந்துவைத்திருப்பது உலோக எடைக்குக் காசு கொடுக்கும் எவருக்கும் அவசியம். மெழுகை நம் கண் முன்னால் நிறுத்துக் குறித்துக்கொண்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. வந்த சிலை 69 கிலோ.

இடக் காலரில் பட்டாணி அளவில் நாலைந்து ஓட்டைகள் விழுந்திருந்தன. அச்சின் அந்த மூலை முழுக்கக் காயாமல் ஈரம் ஆவியானதே காரணம். அதே கலவைக் கம்பியால் பற்றவைத்து அரம் போட்டுச் சரிசெய்தார்கள். வேறு கலவைக் கம்பியாக இருந்தால் அன்றைக்குத் தெரியாது, நிறம் ஏற்றும்போது அந்த இடம் மட்டும் திட்டாக நிற்கும். சூடு காட்டிக் கந்தகக் கரைசல் பூசி அடர்பழுப்பு ஏற்றி, மேலே மெழுகு தேய்த்து முடித்தார்கள். பொன்வண்ணம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பக்கத்து ஊரில் தங்கப் பெயிண்ட் அடித்த ஃபைபர் சிலை இரண்டே கோடையில் வெளிறிப்போனதைக் காட்ட வேண்டியிருந்தது.

பீடம்

முற்றத்தில் மேலே 2 அடி கரிசல், அதன்கீழே சுக்காங்கல். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன்மேல் அஸ்திவாரம் நின்றால் பீடம் சாயும். 3½ அடி தோண்டிச் சுக்கானில் இறங்கி, 4 அடிச் சதுரத்தில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவை 4 அங்குலம், அதன்மேல் 12 மில்லிமீட்டர் கம்பியை அரை அடி இடைவெளியில் பின்னி 1:1½:3 கான்கிரீட் போட்டார்கள். பீடத்துக் கல்லும் புடைப்புச் சிற்பமும் திருமுருகன்பூண்டிக் கல்பட்டறை ஒன்றில் செய்தவை.

இங்கே இரண்டு தவறுகள் நடந்தன. சிலையின் அடியில் நான்கு காதுகள் வார்க்கப்பட்டு, அவற்றில் 16 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகள் திருகப்பட்டிருந்தன. வெறும் இரும்பு கூடாது. வெண்கலத்தோடு சேர்ந்து ஈரம் பட்டால் இரும்பு சீக்கிரம் துருவாகிக் கல்லில் வடியும். தண்டுகள் இறங்கும் துளைகளை மேல்கல்லில் பட்டறையிலேயே போட்டுவிட்டார்கள், வாய்மொழியாகச் சொன்ன அளவில். சிலையை இறக்கினால் முக்கால் அங்குலம் பொருந்தவில்லை. கிரேனை அரை நாள் நிறுத்திவைத்து மறுபடி துளை போட்டார்கள். ஒரு அட்டையில் அடிப்பகுதியை வரைந்து அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இரண்டாவது தவறு அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. உள்ளே கூடான சிலைக்கு அடிவிளிம்பில் நீர் வடியும் துளை ஒன்று உண்டு. கொத்தனார் சிலை அசையாமல் இருக்கட்டும் என்று விளிம்பைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அந்தத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டார்.

திறப்பு

சிலையை மூவர்ணக் கொடியால் மூடித் திறப்பது என்று அழைப்பிதழிலேயே அச்சாகியிருந்தது. 2002-ம் ஆண்டுத் தேசியக் கொடி விதிகள் கொடியைச் சிலைக்குப் போர்வையாக்குவதைத் தடுக்கின்றன. திறப்புக்கு நான்கு நாள் முன்னால் இதைக் கவனித்து வெள்ளைப் பட்டுத் துணிக்கு மாற்றினார்கள். கொடி தனிக் கம்பத்தில் ஏறியது. கட்சித் துண்டு போட்ட யாரும் மேடையில் இல்லை. அந்த ஏற்பாட்டில் சிலருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் கூண்டு போட வேண்டிய நிலை இன்றுவரை சிலைக்கு வரவில்லை.

பிறகு நடந்தவை

திறப்புக்குப் பிறகு வந்த முதல் நினைவு நாளுக்கு முந்தின இரவு இளைஞர்கள் சிலர் நல்ல எண்ணத்தில் புளியும் எலுமிச்சையும் போட்டுச் சிலையைத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். காலையில் முகம் புதுச் சொம்பு மாதிரி மின்னியது, கழுத்துக்குக் கீழே பழுப்பு. பட்டறையிலிருந்து ஆள் வரவழைத்து முகத்துக்கு மட்டும் மறுபடி நிறம் ஏற்றினார்கள். கூர்ந்து பார்த்தால் தாடைக்கு அடியில் அந்தக் கோடு இன்னும் தெரியும். பூமாலையில் இருந்த கட்டுக்கம்பி இடத்தோளில் கீறிய தடமும் உண்டு.

ஐப்பசி மழைக்குப் பிறகு பீடத்தின் மேல்கல்லிலிருந்து வெள்ளையும் பச்சையுமாக நீர் கசிந்தது. வெள்ளை சிமெண்டின் சுண்ணம், பச்சை செம்புக் களிம்பு. துளை அடைபட்டது அப்போதுதான் தெரிந்தது. பின்பக்க அடிவிளிம்பில் 8 மில்லிமீட்டர் துளை போட்டதும் மூன்று லிட்டர் தண்ணீர் வடிந்தது. மேல்கல்லின் கீழ்விளிம்பில் நீர் சொட்டும் காடியும் அப்போது வெட்டப்பட்டது. அதற்கு முன்பே கல்லில் ஏறிய பச்சை போகவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே குழு இன்னொரு சிலை வைத்தால் முதல் மாதமே டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலையும் பட்டாவையும் கையில் எடுக்கும். படைப்பிரிவுப் பதிவேட்டில் ஐயம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, மதராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனுக்கு எழுதும். படத்தைச் சிற்பிக்கு அனுப்புமுன் சட்டைப் பொத்தானையும் பதக்கத்தையும் பார்த்து இடவலம் சரிதானா என்று உறுதி செய்யும். களிமண் உருவைப் பார்க்கக் குழுவை மட்டும் அனுப்பாமல், பட்டாளத்தில் இருந்தவர் ஒருவரையும் தினம் முகம் பார்த்தவர் ஒருவரையும் அனுப்பும். சிலையின் அடி அளவை அட்டையில் வெட்டி வாங்கும். நீர்த்துளையில் ஒரு மரக்குச்சியைச் செருகி, பூச்சு வேலை முடிந்த பிறகே உருவும்.

பராமரிப்பு இப்போது நூலகரிடம் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன் ஒரு தடவை, ஆடிக்காற்று ஓய்ந்தபின் ஒரு தடவை. வெறும் தண்ணீர், மென்மையான துணி, காய்ந்தபின் மெழுகு. நார் கொண்டு கட்டிய மாலைக்கு மட்டும் அனுமதி, அதுவும் அன்று பொழுதோடு இறக்கிவிட வேண்டும். பாலும் எண்ணெயும் கூடாது என்று எழுதிய தகடு கேட்டுக்கு உள்பக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பின்னால் போய்த் துளைக்குள் ஒரு தென்னை ஈர்க்கை விட்டுப் பார்க்கிறார். சென்ற மழையில் ஒருமுறை குளவி கூடு கட்டி அதை அடைத்திருந்தது.